நிறம் என்ற கட்டம்

படிவத்தின் ஏழாவது கட்டம் நிறம் கேட்கிறது.
வண்டியை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டேன்.
காலையில் அது ஏரிமேல் கிடந்த மூட்டம்.
கிட்டே போனதும் என் சிவப்புக் கோட்டு.
இப்போது மேகம் விலகிவிட்டது,
கண்ணைத் திறக்க விடாத வெறும் தகடு.

ஹூட்டனுக்கு வடக்கே சாலையோரப் பட்டறை.
மார்ச் மாதம், பூஜ்யத்துக்குப் பதினோரு டிகிரி கீழே.
டெல்பர்ட் ஒயாலா கையுறையோடே
காப்பிக் குவளையை நீட்டுகிறார்.
"மான் மேல் தப்பில்லை" என்கிறார் எடுத்த எடுப்பில்,
காப்பீட்டுக்காரி நான்
மானிடம் கையெழுத்து வாங்கப் போவதுபோல.

பின்சக்கரத்துக்கு மேலே பள்ளம்,
சூப்புக் கிண்ணம் அளவு.
இடுக்கில் இன்னும் நாலைந்து பழுப்பு மயிர்.
பழைய தகர உடம்பு என்றால்
உள்ளிருந்து தட்டி, இழுத்து, பட்டி பூசி,
வண்ணம் அடித்து
வெள்ளிக்கிழமைக்குள் மறந்திருக்கலாம்.
இது எவர்சில்வர்.
தட்டத் தட்ட இறுகும்,
கோபக்காரனுக்குச் சொன்ன புத்தி மாதிரி.
தேய்த்தாலோ, மேலே ஓடும் மயிரிழைக் கோடுகள்
அந்த இடத்தில் மட்டும் வேறு பக்கம் பார்க்கும்.
பலகையையே மாற்று என்கிறது தொழிற்சாலை.
ஒன்பது வாரம்.
தொகையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அவர் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.
நவம்பரில் கொட்டத் தொடங்கினால்
ஏப்ரல்வரை சாலையெல்லாம் உப்பு.
முந்தைய வண்டி, பெட்ரோல் வண்டி, ஆறு குளிர்காலம் உழைத்தது.
ஏழாவதில், தேவாலய வாசலில்,
மார்லிஸ் இறங்கக் காலை ஊன்றினாள்.
பூட்ஸ் தரையைத் துளைத்துக்கொண்டு
நேரே பனிக்குள் போய்விட்டது.
"அன்றைக்கு முடிவு பண்ணினேன்" என்கிறார்.
"ஊர் இதைப் பாத்திரம் கழுவும் தொட்டி என்கிறது.
சொல்லட்டும். தொட்டி எங்கே துருப்பிடித்தது?"

பிறகு, கேட்காமலே, மறுபக்கமும் சொல்கிறார்.
'ஒயாலா பனி அகற்றல்' என்ற காந்தப் பலகை
கதவில் ஒட்டவே மாட்டேன் என்கிறது, கயிற்றில் கட்டியிருக்கிறார்.
தொட்டவர் விரலெல்லாம் சாட்சியாகப் பதிகிறது,
போலீசுக்குப் பிரியமான வண்டி.
கனம் வேறு. கலப்பையையும் மாட்டிக்கொண்டு
இந்தக் குளிரில் கிளம்பினால்
பாதி வழியில் பேட்டரி கையை விரிக்கிறது.
கூரையோரம் ஆரஞ்சுப் புள்ளிகள், தேமல்போல.
துருதானே என்று விரல் வைத்தேன்.
முகம் சிவந்துவிட்டது அவருக்கு.
"தண்டவாளத் தூசி அது. காற்றில் வந்து உட்கார்ந்தது.
அடுத்தவன் துரு."
அடுப்புத் துடைக்கும் துணியால்
அங்கேயே துடைத்தும் காட்டினார்.
போனது. பாதி போனது.

காரில் உட்கார்ந்து கணினியைத் திறந்தேன்.
பட்டியலில் இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.
வெள்ளி என்று அழுத்தினேன்.
உடனே சேர்த்துக்கொண்டது:
வண்ணக் கலவை, மேற்பூச்சு, மூன்றேகால் மணி நேரக் கூலி.
அடித்தேன். காரணம் கேட்டது.
வண்ணமே இல்லை என்று எழுதினேன்.
காரணம் போதாது என்றது.

தொகையைச் சொன்னதும்
அவர் குவளையைக் கலப்பைமேல் வைத்தார்.
"பள்ளம் இருந்துவிட்டுப் போகட்டுமே.
அதற்குள்ளே தண்ணீர் நின்றாலும் அரிக்காதல்லவா?"
அரிக்காது என்றேன்.
"பிறகென்ன."

கடைசிப் புகைப்படத்துக்குக் குனிந்தபோது
பள்ளத்துக்குள் எல்லாம் தலைகீழ்:
பட்டறை, பைன் மரங்கள், மங்கலாக ஒரு சிவப்புக் கறை.
அது நான்.
மற்ற இடமெல்லாம் சாம்பல்.

என் காரின் சக்கர வளைவில்
வண்ணத்துக்கு அடியில் ஒரு கொப்புளம்.
போன மாதம் பட்டாணி, இன்று முட்டை.
கட்டைவிரலால் அழுத்தினேன்,
அப்பளம்போல நொறுங்கி உள்ளே போனது விரல்.
இதன் நிறத்தில் மட்டும் சந்தேகமில்லை.
நீலம். பதிவுச் சான்றிதழில்
அப்படித்தான் போட்டிருக்கிறது.